இரண்டு கட்டைக்கு ஏன் இரண்டரை வோல்ட்?

இரண்டு கட்டை டார்ச் லைட்டின் பழைய பல்பைக் கழற்றி, அதன் பித்தளைக் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு கணக்கு தெரியும்: 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். கட்டையின் உறையிலோ 1.5 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறது. இரண்டு கட்டை என்றால் மூன்று வோல்ட் வர வேண்டும். மூன்று கட்டை டார்ச்சிலும் இதே வில்லங்கம்தான்: பேட்டரிப் பக்கம் 4.5, பல்புப் பக்கம் 3.8. நடுவில் அரை வோல்ட்டையும் முக்கால் வோல்ட்டையும் யார் எடுத்துக்கொண்டார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தோதான ஊர் கொல்கத்தா. 9 என்ற எண்ணுக்குள் பூனை பாயும் சிவப்பு பேட்டரி, தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் கட்டிய வாழைப்பழத்துக்குப் பக்கத்திலேயே விற்ற பேட்டரி, அந்த நகரத்து நிறுவனத்தின் சரக்கு. எவரெடி 1934இல் கொல்கத்தாவில் பதிவான கம்பெனி. 1939இல் ஹூக்ளிக் கரையில் காசிப்பூரில் உலர் மின்கல ஆலை வந்தது. 1941இல் நேஷனல் கார்பன், 1959இல் யூனியன் கார்பைடு இந்தியா, 1995இல் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் எனப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. சென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் அதற்கு ஓர் ஆலை இருந்தது. வாகன பேட்டரி செய்யும் எக்சைடுக்கும் தலைமையகம் கொல்கத்தாவின் சௌரங்கிதான். பல்புப் பக்கமும் குறைவில்லை: ஜாதவ்பூரில் 1930களில் தொடங்கிய பெங்கால் லேம்ப், இந்தியர்கள் நடத்திய முன்னோடி பல்பு ஆலைகளில் ஒன்று. 1980களின் இறுதியில் அது மூடப்பட்டது. ஆனாலும் அங்கே பேருந்து நிறுத்தத்தின் பெயர் இன்றைக்கும் பெங்கால் லேம்ப்தான். லால்பஜாருக்கு அருகே எஸ்ரா தெருவில் நுழைந்தால் விளக்கு வியாபாரம் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. பேட்டரி, பல்பு இரண்டையும் செய்து, விற்று, பழுது பார்த்துப் பழகிய ஊர் இது.

1899ஆம் ஆண்டில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் விஷயம் எளிதாகப் பிடிபடும். அந்த ஜனவரி 10ஆம் தேதி, நியூயார்க்கில் டேவிட் மைசெல் என்பவருக்கு டார்ச் லைட்டுக்கான காப்புரிமை கிடைத்தது. குழாய்க்குள் உலர் மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முனையில் ஒரு பல்பு, பின்னால் ஒரு பிரதிபலிப்பான். இன்றைக்கும் டார்ச் என்றால் அதுதான். காப்புரிமையை வாங்கிக்கொண்ட கான்ராட் ஹியூபர்ட்டின் கம்பெனிதான் பிற்பாடு எவர் ரெடி ஆனது. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, கொல்கத்தாவின் இமாம்பாக் லேனில் நகரத்தின் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நடத்தியது கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1879 ஜூலை 24இல், பி. டபிள்யூ. ஃபிளூரி கம்பெனி அங்கே மின்விளக்கை எரித்துக் காட்டியிருந்தது. எடிசனின் கரி இழை பல்பு வெற்றி பெற்றதே அந்த அக்டோபரில்தான்.

நியூயார்க், கொல்கத்தா இரண்டிலும் பல்புக்கும் மின்சாரத்துக்கும் பொருத்தம் பார்த்தாக வேண்டும். ஆனால் யார் யாருக்கு வளைந்துகொடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. நகர மின்சாரத்தில் வளைந்தது மின்நிலையம். எடிசனின் கரி இழை நூறு, நூற்றுப்பத்து வோல்ட்டைத் தாங்கும்; அதற்கு மேல் அந்தக் காலத்தில் நல்ல இழை செய்ய முடியவில்லை. அமெரிக்கா அந்த 110ஐ ஒட்டியே நின்றுவிட்டது. நல்ல இழைகள் வந்தபின் 1899இல் பெர்லின் மின் நிறுவனம் 220க்குத் தாவியது. வோல்ட் இரண்டு மடங்கானால் அதே சக்தியை அனுப்பப் பாதி மின்னோட்டம் போதும், செம்புக் கம்பிச் செலவு மிச்சம். இந்தியாவின் 230 வோல்ட்டும் அந்தக் கணக்கின் வாரிசு. சின்னஞ்சிறு இழையின் தாங்குதிறன் கண்டங்களின் மின்னழுத்தத்தைத் தீர்மானித்திருக்கிறது.

டார்ச்சில் அந்தச் செல்லம் நடக்காது. அங்கே பேட்டரி அசையாது. வேதியியல் அதைப் பிடித்துக் கட்டியிருக்கிறது.

துத்தநாக டப்பா, நடுவில் கரித்தண்டு, இடையே மாங்கனீசு டைஆக்சைடும் உப்புக் குழம்பும். 1866இல் பிரெஞ்சுக்காரர் லெக்லாஞ்சே வகுத்த இந்தச் சேர்க்கை ஏறத்தாழ 1.5 வோல்ட் தரும். பெரிய கட்டையாக இருந்தாலும், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்லாக இருந்தாலும் அதே 1.5தான். உடம்பு பெருத்தால் அதிக நேரம் உழைக்கும், அதிக மின்னோட்டம் தரும், வோல்ட் கூடாது. ஈய-அமில அறை ஒன்றுக்கு 2 வோல்ட், நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடுக்கு 1.2, லித்தியம்-அயனுக்கு 3.7. இவையெல்லாம் தனிமங்களின் குணம். தொழிற்சாலை பேரம் பேச முடியாது. எனவே டார்ச் பல்பைச் செய்கிறவர்தான் பேட்டரி தருவதை வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப இழையைச் சுருட்ட வேண்டும்.

பேட்டரி எவ்வளவு தருகிறது என்பதில்தான் காணாமற்போன அரை வோல்ட்டுக்கு விடை இருக்கிறது. கட்டையின் உறையில் இருக்கும் 1.5, அது சும்மா இருக்கும்போது உள்ள அளவு. வேலை வாங்கத் தொடங்கியதும் இறங்கும். ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் ஒரு தடை இருக்கிறது. புதிய பெரிய கட்டையில் அது அரை ஓமுக்கு முன்பின் இருக்கும். 0.3 ஆம்பியர் ஓடினால் 0.15 வோல்ட் அங்கேயே செலவாகி, கட்டையைச் சற்றுச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். தொடர்ந்து எரிய எரிய வேதிவினை பின்தங்கும், குழம்பு வறளும், உள்தடை ஏறும். புதிதாகப் போட்டபோது 1.4ஐ ஒட்டி நிற்கும் கட்டை, தன் ஆயுளின் பெரும்பகுதியை 1.2, 1.25 என்ற இடத்தில் கழித்து, கடைசியில் 0.9 வரை சரிந்து ஓயும். இரண்டு கட்டையின் நடுவயது அளவு 2.5 வோல்ட். பல்பின் கழுத்தில் பொறித்திருப்பது அந்த அளவுதான். அமெரிக்கப் பட்டியல்களில் பி.ஆர்.2 என்று வரும் இரண்டு கட்டை பல்பு இன்னும் கறாரானது: 2.38 வோல்ட், 0.5 ஆம்பியர். மின்னோட்டம் அதிகம், இறக்கமும் அதிகம், எனவே எண் இன்னும் கீழே.

அரை வோல்ட்டுக்கா இவ்வளவு ஆராய்ச்சி என்று தோன்றலாம். இழை பல்பு வோல்ட் விஷயத்தில் மகா ரோஷக்காரன். பல்புப் பொறியாளர்கள் நீண்ட காலமாகக் கையாளும் அனுபவ விதிகள் உண்டு: வெளிச்சம், வோல்ட்டின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் ஏறும். ஆயுளோ 13ஆம் அடுக்கில் இறங்கும். வெறும் 5 சதவீதம் கூட்டிக் கொடுத்தால் ஆயுள் ஏறக்குறைய பாதி. 5 சதவீதம் குறைத்தால் ஆயுள் இரட்டிப்பு, வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு நஷ்டம். டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியசில் உருகும் உலோகம். பல்புக்குள் அது ஏற்கெனவே 2,500ஐ ஒட்டிய வெப்பத்தில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டு, அணு அணுவாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பழைய பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்துப்போவது அந்த ஆவி படிந்துதான். கொஞ்சம் வெப்பம் கூடினாலும் ஆவியாகும் வேகம் பாய்ந்து ஏறும். இழையில் மெலிந்த இடம் மேலும் சூடாகி, மேலும் மெலிந்து, ஒரு பளிச்சோடு அறுந்துவிடும்.

இரண்டு கட்டை பல்பை மூன்று கட்டை டார்ச்சில் மாட்டினால் நடப்பது அதுதான். 2.5க்குச் சுருட்டிய இழையில் நான்குக்கு மேல் பாய்கிறது. ஒரு நீல வெள்ளை மின்னல், அதோடு சரி.

எதிர்த்திசையில் போனால் பல்புக்கு ஆபத்தில்லை, பேட்டரிக்குத்தான் நஷ்டம். மூன்று கட்டைக்கான 3.8 வோல்ட் பல்பை இரண்டு கட்டையில் போட்டால் அதற்குக் கிடைப்பது 2.4ஐச் சுற்றிய அளவு. வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, அணையப்போகும் கொள்ளியின் நிறத்துக்கு வந்துவிடும். பேட்டரியாவது மிச்சம் என்று திருப்திப்பட முடியாது. மின்னோட்டம் நான்கில் ஒரு பங்குகூடக் குறையாது. ஆறிய டங்ஸ்டனின் தடை சூடான டங்ஸ்டனின் தடையில் பத்தில் ஒரு பங்குதான் என்பதே காரணம். வெப்பம் குறைந்தால் தடையும் குறைந்து, மின்சாரத்துக்கு வழி தாராளமாகிவிடுகிறது. கட்டைகள் ஏறத்தாழ அதே வேகத்தில் கரையும், கைக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம். மங்கலாக எரிந்தால் சிக்கனம் என்ற நம்பிக்கை டார்ச் பல்பிடம் பலிக்காது.

இங்கே ஒரு வேடிக்கை. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லில் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது டார்ச்சுக்கு ஆகாது, வெளிச்சம் குறையும் என்று ஒதுக்குவார்கள். உண்மையில் அதன் உள்தடை மிகமிகக் குறைவு. வேலை செய்யும்போதும் அது 1.2ஐவிட்டு எளிதில் இறங்காது. இரண்டு சேர்ந்தால் 2.4, 2.5, இரண்டு கட்டை பல்பு எதிர்பார்ப்பதே அந்த அளவைத்தான். உறையில் சிறிய எண்ணோடு வந்தது கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்போது யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஏறும் லித்தியம் செல்கள் 1.5 வோல்ட் என்று விற்கின்றன. உள்ளே 3.7 வோல்ட் லித்தியம், அதை 1.5க்கு இறக்கிக் கொடுக்க ஒரு மின்னணுச் சில்லு. அது சொன்ன சொல் மாறாமல் கடைசிவரை 1.5ஐக் கொடுக்கும். அப்படி இரண்டை 2.5 வோல்ட் இழை பல்புக்குக் கொடுத்தால் முழு மூன்று வோல்ட் போய்ச் சேரும்: 20 சதவீதம் கூடுதல். வெளிச்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பதினைந்து மணி நேரம் எரிய வேண்டிய பல்பு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் என்கிறது அந்த 13ஆம் அடுக்கு விதி. பள்ளிக்கூடக் கணக்கு அச்சு அசலாகப் பலித்தால் பல்புக்கு ஆகாது!

டார்ச்சில் இப்படி என்றால், வாகனத்தில் கதை தலைகீழ். பார்க் ஸ்ட்ரீட் வந்து ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் சாலையைத் தொடும் இடத்துக்கருகே மல்லிக் பஜார். பழைய வண்டி உதிரி பாகங்களுக்குப் பேர்போன சந்தை. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர் டாக்சிகள் பிறந்தது ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில். 2014இல் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்திய பிறகு இந்தச் சந்தையின் மவுசு கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. அங்கே வாங்கும் ஹெட்லைட் பல்பில் 12 வோல்ட் என்று இருக்கும். பேட்டரியிலும் 12. அப்பாடா, பொருந்திவிட்டது என்று பார்த்தால் இரண்டு எண்ணுமே சரியானவை அல்ல. ஆறு ஈய-அமில அறைகள் கொண்ட அந்த பேட்டரி, முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும்போது 12.6. எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதைப் பதினான்குக்குத் தூக்கிவிடும். பல்பு செய்கிறவருக்கு இது தெரியும். அதனால் 12 வோல்ட் என்று பெயரிட்டாலும் 13க்கு மேல் கொடுத்துத்தான் அதைச் சோதிக்கிறார்கள். டார்ச் பல்பு பேட்டரியின் பெயருக்குக் கீழே வடிவமைக்கப்பட்டது, வண்டி பல்பு பேட்டரியின் பெயருக்கு மேலே. டார்ச் பேட்டரி உழைக்கும்போது அதை யாரும் தாங்கிப் பிடிப்பதில்லை. இன்னொன்றைப் பக்கத்திலேயே நின்று ஊட்டிவிட ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. லாரியும் பெரிய பேருந்தும் 24 வோல்ட். வண்டியைச் சொல்லாமல் பல்பை மட்டும் கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது நியாயம்தான்.

வோல்ட்டை மட்டும் பார்த்துப் பொருத்தம் முடிப்பவர்களைக் கவிழ்க்க ஒரு சிறிய பெட்டி உண்டு: பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் போடும் 9 வோல்ட் பேட்டரி. 6.2 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு ஒன்றை அதில் தொட்டால் பல்பு வெடித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சாதாரணத் துத்தநாக-கரி வகையாக இருந்தால் பல்பு இலேசாகச் சிவந்து, அவ்வளவில் நின்றுவிடும். அந்தப் பெட்டிக்குள் ஆறு குட்டி மின்கலங்கள் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் உள்தடை மொத்தமாகச் சில பத்து ஓம். பல்பின் தடையோ எரியும்போதே 21 ஓம்தான். கிடைக்கும் 9இல் பெரும்பங்கை பேட்டரி தன் வயிற்றிலேயே செலவழித்துவிட்டு மிச்சத்தைப் பல்புக்குத் தள்ளுகிறது. அதே பல்பை நான்கு பெரிய கட்டைகளில், அதாவது பெயரளவில் 6 வோல்ட்டில், மாட்டினால் ஜம்மென்று எரியும். ஒன்பது தோற்று ஆறு ஜெயிக்கிறது. மின்னழுத்தம் எவ்வளவு என்பதோடு, அந்த அழுத்தத்தை விடாமல் எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பதையும் கேட்டாக வேண்டும். பல்பின் கழுத்தில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆம்பியரையும் பொறித்திருப்பது அதற்காகத்தான். அதை யாரும் படிப்பதில்லை.

படித்தவர்கள் ஓர் ஊர் முழுக்க இருந்தார்கள். கொல்கத்தாவிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர் போனால், ஹூக்ளிக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சந்தன்நகர். துர்க்கா பூஜை முடிந்து ஒரு மாதம் கழித்து அங்கே ஜகத்தாத்ரி பூஜை. சாலை நெடுகிலும் விளக்குகளாலேயே மயில் தோகை விரிக்கும், ரயில் ஓடும், கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டை வீசுவார். இந்தக் கலையை உலகறியச் செய்தவர் ஸ்ரீதர் தாஸ். இன்று கொல்கத்தாவின் பூஜைப் பந்தல்களில் எரியும் ஒளித்தட்டிகளில் கணிசமானவை சந்தன்நகர்க் கைவினை. எல்.இ.டி. வருவதற்கு முன், அவர்களுடைய மூலப்பொருள் 6.2 வோல்ட் குட்டி பல்பு. வங்காளத்தில் துனி பல்பு என்பார்கள். டார்ச்சிலும் ரேடியோ முகப்பிலும் எரியப் பிறந்த அந்தப் பொடிசை 230 வோல்ட் தெரு மின்சாரத்தில் எரிய வைத்ததில்தான் கெட்டிக்காரத்தனம். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கோத்தால் வோல்ட் பங்குபோட்டுக்கொள்ளப்படும். 230ஐ 6.2ஆல் வகுத்தால் 37. முப்பத்தேழு பல்புக்கு ஒரு சரம். தமிழ்நாட்டுக் கல்யாண வீட்டு சீரியல் செட்டும் இதே கணக்குதான்.

ஆனால் 37 என்பது காகிதக் கணக்கு. மூன்று பல்பைக் கூடுதலாகச் சேர்த்து 40 ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட். வெளிச்சத்தில் கால்பங்கு போலக் குறையும், ஆயுள் இரண்டரை மடங்குக்கு மேல் நீளும். வண்ணக் காகிதத்துக்குள்ளே, நூற்றுக்கணக்கான பல்புகளின் கூட்டத்தில், அந்தக் கால்பங்கைப் பார்வையாளர் கண்டுபிடிக்கப்போவதில்லை. பூஜை நான்கு நாளும் ஏணி வைத்து ஏறி பல்பு மாற்றாமல் இருக்கலாம். சரத்தில் ஒரு பல்பு போனால் சரமே அணையும். அவசரத்துக்குப் போன பல்பின் இடத்தைக் கம்பியால் முறுக்கி இணைத்துவிடுவது எல்லா ஊர் மின்பணியாளர்களின் குறுக்குவழி. ஒன்றிரண்டு வரை பரவாயில்லை. 37 பல்புச் சரத்தில் ஐந்து பல்பை இப்படித் தாண்டிவிட்டால் மீதி 32க்கும் ஆளுக்கு 7.2 வோல்ட் போகிறது. ஆயுள் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். முதல் பல்பு போக ஒரு வாரம் பிடித்த சரம், கடைசியில் ஒரே இரவில் பொலபொலவென்று போவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

தொடரிணைப்பில் ஆம்பியரும் ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். 0.3 ஆம்பியர் பல்புகளுக்கு நடுவே தெரியாமல் ஒரு 0.15 ஆம்பியர் பல்பு வந்துவிட்டால், அதிலும் அதே 6.2 வோல்ட் என்று பொறித்திருந்தாலும், அதன் தடை இரண்டு மடங்கு. பங்கீட்டில் அது இரண்டு மடங்கு வோல்ட்டை இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பிரமாதமாக எரிந்து, சரத்தையே அணைத்துவிட்டுப் போகும்.

சரம் கோத்து அதிக வோல்ட்டைச் சமாளிக்கும் தந்திரம் திருவிழாவுக்கு மட்டும் சொந்தமில்லை. நியூயார்க் சுரங்க ரயிலின் பழைய பெட்டிகளில் 600 வோல்ட் தடத்திலிருந்து நேராக, 120 வோல்ட் பல்புகள் ஐந்தைந்தாகக் கோக்கப்பட்டு எரிந்தன. ஒன்று போனால் ஐந்தும் இருட்டு. 1902 முதல் மின்சாரத்தில் ஓடும் கொல்கத்தா டிராமின் மேல்கம்பியில் இருப்பது 550 வோல்ட் நேர்மின்சாரம். 1984இல் தொடங்கிய மெட்ரோவின் பக்கத் தண்டவாளத்தில் 750. எண்கள் வேறு, கணக்கு ஒன்றுதான். கொல்கத்தாவின் மையப் பகுதியில் இமாம்பாக் காலத்து நேர்மின்சாரம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சில வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மின்விசிறிக்கும் ரேடியோவுக்கும் அது பெரிய தலைவலி. இழை பல்புக்கு வித்தியாசமே தெரியாது. சூடானால் எரியும், அதற்கு மேல் அது எதையும் விசாரிப்பதில்லை.

எல்.இ.டி. விசாரிக்கும். அது திசை பார்க்கும், வாசல் பார்க்கும். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட்டை ஒட்டி, வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3க்குச் சற்று மேல். அதற்குக் கீழே கொடுத்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது. மேலே கொடுத்தால் மின்னோட்டம் சீராக ஏறாமல் பாய்ந்து ஏறும்; இழை பல்பைப் போலச் சூடேறித் தன் தடையைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கும் வித்தையும் அதற்குத் தெரியாது. அதனால் ஒரு மின்தடையைக் காவலுக்குப் போடுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரியில் மூன்று வெள்ளை எல்.இ.டி.யைத் தொடராகக் கோத்தால் அவை 9.6 எடுத்துக்கொள்ளும்; மிச்சம் 2.4. மின்னோட்டம் 0.02 ஆம்பியரில் நிற்க 120 ஓம் வேண்டும். கொல்கத்தாவின் சாந்தினி சவுக் கடைகளில் மின்தடை வாங்க வரும் பொறியியல் மாணவர்கள் செல்போனில் தட்டிப் பார்க்கும் கணக்கு இதுதான். சாவிக்கொத்து டார்ச்சில் நாணய செல்லோடு எல்.இ.டி.யை நேராகத் தொட வைத்து எந்தத் தடையும் இல்லாமல் விற்கிறார்களே என்றால், அங்கே நாணய செல்லின் உள்தடையே காவல். பேட்டரியின் குறையையே சுற்றின் ஒரு பாகமாகப் பயன்படுத்திக்கொண்ட சிக்கனம் அது. அதே எல்.இ.டி.யை அப்படியே தடித்த லித்தியம் செல்லில் தொட்டால் கருகிவிடும்.

சுந்தரவனத் தீவுகளில் மின்கம்பி எட்டாத காலத்தில் இந்தப் பொருத்தம் அன்றாடச் சங்கதி. சாகர் தீவின் கமல்பூரில் 1996இல் சூரிய மின்நிலையம் வந்தது. அது எட்டாத வீடுகளில் கூரைமேல் ஒரு தகடு, மூலையில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, இரண்டு விளக்கு. பெயர்தான் 12. வெயிலில் சார்ஜ் ஏறும்போது பதினான்கைத் தாண்டும், மழைக்கால இரவில் பதினொன்றுக்குக் கீழே விழும். முப்பது சதவீத ஊசலாட்டத்தை இழை பல்பு தாங்காது. விளக்குக்குள்ளேயே மின்னோட்டத்தைச் சீர்படுத்தும் சிறு சுற்று வேண்டியிருந்தது.

அந்தச் சுற்றுதான் இப்போது கொல்கத்தாப் புறநகர்களில் திரியும் டோட்டோக்களின் முகப்பிலும் இருக்கிறது. டோட்டோ என்பது பேட்டரி ரிக்‌ஷா. இருக்கைக்கடியில் நான்கு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் தொடராக, மொத்தம் 48. சார்ஜில் போட்டால் ஐம்பத்தைந்தைத் தாண்டும், மாலையில் மேம்பாலம் ஏறும்போது நாற்பத்திரண்டு வரை இறங்கும். ஹெட்லைட், ஹார்ன், பாட்டுப்பெட்டி எல்லாம் 12 வோல்ட் சரக்கு. நாலில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் தனியாக வயர் இழுத்து 12 எடுத்துவிட்டால் செலவில்லாமல் முடிந்தது என்று தோன்றும். சிலர் அப்படிச் செய்யவும் செய்கிறார்கள். வண்டியை இழுப்பதில் நான்கும் சமமாக உழைக்க, இந்த ஒன்று மட்டும் விளக்குக்கும் பாட்டுக்கும் சேர்த்து உழைக்கிறது. இரவில் சார்ஜ் ஏற்றும்போது நான்கிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். மற்ற மூன்றும் நிரம்பித் ததும்பி நீர் வாயுவாகப் பிரியும் நேரத்தில் இது இன்னும் அரைவயிறு. நாள்பட்டால் இதன் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகி, கொள்ளளவு குறைந்துபோகும். சுமை ஏறும்போது மற்ற மூன்றும் இதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ள, காலியான அறையில் மின்முனை தலைகீழாகி அது முழுசாகக் கெடும். பழைய கட்டையோடு புதுக் கட்டையைக் கலந்து டார்ச்சில் போட்டால் பழையது சீக்கிரமே கசிந்து, டப்பாவுக்குள் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதற்கும் காரணம் இதே வினைதான்.

டோட்டோவில் முறையாகச் செய்கிறவர்கள் நாலு பேட்டரியின் 48ஐயும் ஒரு கன்வெர்ட்டருக்குக் கொடுத்து 12ஆக இறக்குகிறார்கள். இன்னும் சுலபமான வழி, அந்த கன்வெர்ட்டரையே வயிற்றில் வைத்துக்கொண்டு வரும் எல்.இ.டி. விளக்கு. அதன் உறையில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 12 முதல் 80 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளோ, டோட்டோவோ, லாரியோ, எதில் மாட்டினாலும் எரியும். எஸ்ரா தெருவில் அதை விற்கிறவர் வாங்க வருகிறவரிடம் வண்டி என்ன என்று கேட்பதில்லை. எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்.